சுல்மீராவின் அட்டை

— எங்க அத்தையோட அடையாள அட்டையைக் குடுங்க, தோனா எவுலாலியா.

— ஐயோ ஜுசாரா, அதை மட்டும் கேக்காதேன்னு தலையில அடிச்சுச் சொன்னேனே.

— நீ சும்மா இரு அத்தை. நாப்பத்திமூணு வருஷம் சும்மா இருந்தது பத்தாதா?

— என் கண்ணு, இன்னிக்குப் போயா இதைக் கேக்குற? மே பதிமூணு. அடிமைகளுக்கு விடுதலை கிடைச்ச நாளுன்னு பாதி கஷோயிரா ஊரும் நம்ம பழைய வீட்டைப் பாக்க டிக்கெட்டோட வாசல்ல நிக்குது. முதல்ல காப்பியக் குடி. சுல்மீரா, பொண்ணுக்குக் கொய்யா அல்வா வை.

— எங்க குடும்பத்துக்கு நீங்க குடுத்த அல்வா போதும்.

— வாயப் பாரு. சால்வடோர் பட்டணத்துல சட்டம் படிச்சா இப்படித்தான் பேசச் சொல்லுவாங்களா? இவ எட்டு வயசுல வந்தவ. என் பிள்ளைங்களோட பிள்ளையா வளந்தவ.

— உங்க பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனாங்க. இவங்க அவங்க துணியத் துவைச்சாங்க. அவங்களுக்கு மாடியில அறை. இவங்களுக்கு அடுப்படிக்குப் பின்னாடி ஜன்னல் இல்லாத பொந்து.

— சுல்மீரா, நீயே சொல்லு. உனக்கு இங்க என்ன குறை?

— ஒரு குறையும் இல்லம்மா.

— கேட்டியா?

— கேட்டேன். அல்வாவத் தட்டுக்கு வெளிய வைக்கறதையும் பாத்தேன்.

— எனக்கு எழுபத்தெட்டு. இன்னும் எத்தனை நாளு? நான் கண்ண மூடுற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் அவ இஷ்டம், எங்க வேணா போகட்டும்.

— அடடா. உங்க கொள்ளுத்தாத்தா ஒரு அடிமைப் பொண்ணுக்கு எழுதிக் குடுத்த விடுதலைப் பத்திரம்னு கூடத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்களே, வர்றவங்களுக்கு அதுல முதல் வரியத்தான படிச்சுக் காட்டுறீங்க? ‘இன்று முதல் இவள் சுதந்திரமானவள்.’ ரெண்டாவது வரி என்ன தெரியுமா? ‘நான் கண்மூடும் வரை எனக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை.’ அட்டையக் குடுங்க.

— குடுக்கறேன். மாடி அலமாரியில பூட்டி வச்சிருக்கேன். இவ கையிலயே குடுக்கறேன், இவளே வேணாம்னு திருப்பித் தருவா. இருந்து பாத்துட்டுப் போ.

— வேணாம்மா, படி ஏறாதீங்க, முட்டி வலிக்கும். அம்மா. அம்மா...

— போகட்டும் விடு அத்தை.

— பாவி மகளே. உன்னை எதுக்கு வாயத் தொறக்காதேன்னேன்?

— பயந்து பயந்தே சாகப்போற நீ.

— மெதுவாப் பேசு. மொத்தம் பதினேழு படி. எது எப்படிக் கிறீச்சிடும்னு எனக்கு மனப்பாடம். இப்ப ஒன்பதாவது. கூடத்துக்கு வா. அந்தப் பத்திரத்தைக் கண்ணாடியோட கழட்டு. நான் படிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நிக்கறேன்.

— இப்ப அது எதுக்கு?

— கழட்டுடி. பதிமூணு ஏறிட்டாங்க.

— அத்தை... பின்னாடி என்னமோ சொருகியிருக்கு. உன் போட்டோ. உன் அட்டை.

— போன செவ்வாய்க்கிழமை அவங்க குளிக்கப் போனப்பவே சாவிய எடுத்து, அலமாரியத் தொறந்து எடுத்துட்டேன். இதைத் தூசி தட்டுறவ நான் ஒருத்திதான், வேற யாரு பின்னாடி பாக்கப் போறா? சாயங்காலம் கூட்டம் கலையுறப்ப அதோட கலந்து போயிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து அலமாரியத் தொறக்க வச்சுட்ட.

— சுல்மீரா. சுல்மீரா, அலமாரியில இருந்த அட்டை எங்க?

— அத்தை, பின்வாசல்...

— அதுக்குச் சாவி அவங்க இடுப்புல. வாசக்கதவைத் தொற. டிக்கெட் வாங்கினவங்க உள்ள வரட்டும். நான் வெளிய போறேன்.