தம்பிக்குத் தனிக் கிண்ணம்

அந்தக் கொரியன் கடைச் சாப்பாட்டைப் பத்தி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன் சார். சுத்தமான இடம். உக்காந்த உடனே, கேக்காமலே, எட்டு ஒன்பது சின்னக் கிண்ணத்துல தொட்டுக்கறதுக்குக் கொண்டு வந்து வெச்சிடுவாங்க. தீந்தா மறுபடியும் வரும். மேஜை நடுவுலயே அடுப்பு. கறியை நம்ம கண்ணு முன்னாடி சுட்டு, கத்திரிக்கோலால துண்டு துண்டா வெட்டித் தட்டுல போடுவாங்க. எனக்கு முதல் தடவை பாத்தப்ப ஒரு மாதிரி இருந்துது. தம்பி சிரிச்சுட்டான். "தையக்காரர் கடையிலேருந்து வாங்கிட்டு வரலக்கா, இது இதுக்குன்னே இருக்கறது"ன்னான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

நீங்க எழுதிக்கோங்க. நான் நிதானமாவே சொல்றேன்.

அவனுக்கு இறால் ஆகாது. ஏதோ அரிப்பு, தடிப்புன்னு நினைச்சுக்காதீங்க. தொண்டை அடைச்சு மூச்சே நின்னுடும். ஏழு வயசுல அது தெரிய வந்துது. அடுத்த ரெண்டு வருஷத்துல அம்மா போயிட்டாங்க, அப்பா அதுக்கு முன்னாடியே இல்ல. எனக்கு அப்பப் பத்தொன்பது. அன்னிலேருந்து வெளியில எங்க சாப்பிட்டாலும் முதல் வாய் எனக்குத்தான். நான் ருசி பாத்துட்டுத் தலையை ஆட்டுவேன், அப்புறம்தான் அவன் தட்டுல கை வைப்பான். அவனோட முப்பத்தொரு வயசு வரைக்கும் அப்படித்தான் நடந்துது. அவன் கட்டட வரைபடம் போடற ஆபீஸ்ல வேலை பாக்கறான். அங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்களாம், "அக்கா உத்தரவு வந்தாச்சா, ராஜா சாப்பிடலாமா"ன்னு. பண்ணட்டுமே, அவங்களுக்கு என்ன தெரியும்.

என் பொழப்பும் அதேதான். பாக்கெட் தின்பண்டம் செய்யற கம்பெனியில லேபிள் சரிபாக்கறேன். உள்ள பால் இருக்கா, கடலை இருக்கா, மீன் இருக்கா, இருக்கறதை வெளியில அச்சடிச்சிருக்காங்களான்னு பாக்கணும். பதினாறு வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறேன். என் கையைத் தாண்டி ஒரு பாக்கெட் தப்பாப் போனதில்ல. அதனால கிம்ச்சிங்கற அந்தக் கொரியன் ஊறுகாய்க்குள்ள என்ன போடுவாங்கன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஊறவெச்ச முட்டைக்கோஸ், மிளகாப்பொடி, பூண்டு, கூடவே அரைச்ச உப்பு இறால். அது கண்ணுக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட கடைக்கு வான்னு அவன் கூப்பிட்டதும், மூச்சு அடைச்சா போடற ஊசி என் பைல இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துக்கிட்டேன். போய் உக்காந்தப்புறம்தான் தெரியுது, துரை மூணு மாசமா ஆபீஸ் ஆளுங்களோட அங்கதான் மதியச் சாப்பாடு. எங்கிட்ட மூச்சு விடல.

எல்லாக் கிண்ணமும் கறுப்பு. அவன் முன்னாடி மட்டும் ஒரு வெள்ளைக் கிண்ணத்துல கிம்ச்சி வந்துது. பின்னாலயே அந்த சமையக்காரம்மா வந்தாங்க, கடையும் அவங்களுதுதான். அம்பது வயசு இருக்கும், குள்ளமா, சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டுக்கிட்டு. நம்ம பேச்சு அவங்களுக்குப் பாதிதான் வரும். "தம்பிக்குத் தனி. இறால் இல்ல. கத்தி தனி, பலகை தனி, ஜாடி தனி"ன்னு ஒவ்வொரு விரலா மடக்கிச் சொன்னாங்க. நான் சாப்பிடற குச்சியைக் கையில எடுக்கறதுக்குள்ள அவன் ரெண்டு வாய் சாப்பிட்டு முடிச்சுட்டான். என் முகத்தைக்கூடப் பாக்கல.

அவனுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருந்தான். எனக்குப் பொறாமையா இருந்துது சார். வேற வார்த்தை ஏதாவது கிடைக்குமான்னு இத்தனை நாளா தேடிப் பாத்தேன், கிடைக்கல.

ரெண்டாவது தடவை போனது ஒரு மழை நாள். கடல்பாசி சூப்பு வாங்கினோம். வழவழன்னு இருந்துது, ஆனா நல்ல ருசி. பாதியில அவன் ஸ்பூனைக் கீழ வெச்சான். "அக்கா, நான் தனியா வீடு பாத்திருக்கேன். இங்கேருந்து ரெண்டு தெரு. ஒண்ணாந்தேதிலேருந்து."

"சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவ?"

"அதான் இந்த அம்மா இருக்காங்களே. நீயும் எத்தனை வருஷம்தான் என் பின்னாலயே சுத்துவ? உன் வாழ்க்கையக் கொஞ்சம் பாருக்கா."

பாசமாத்தான் சொன்னான். அது எனக்கும் புரிஞ்சுது. சரிப்பான்னு சொல்லிட்டு மிச்ச சூப்பைக் குடிச்சு முடிச்சேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். நீங்க கேக்கல, நானே சொல்றேன். இது முதல் தடவை இல்ல. பதினெட்டு வயசுல வெளியூர்க் காலேஜ், ஹாஸ்டல்னு கிளம்பினான். இருபத்தஞ்சுல வெளிநாட்டு வேலை வந்துது. இருபத்தெட்டுல கூட வேலை பாத்த ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தான். மூணு தடவையும், கிளம்பற நேரத்துல, அவனுக்கு மூச்சு முட்டியிருக்கு. எப்பவும் துளிதான். கடுகளவுகூட இருக்காது. ஊசி என் பைல ரெடியா இருக்கும், ஒரு நிமிஷத்துல போட்டுடுவேன். மறுநாள் அவனே சொல்லிடுவான், "நான் போகலக்கா"ன்னு. அந்தப் பொண்ணு கொண்டு வந்த கேக்குலதான் ஏதோ இருந்துதுன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தான். நான் அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. போகாதேன்னும் அவன்கிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.

மூணாவது தடவை அந்தக் கடைக்குப் போனது சனிக்கிழமை மத்தியானம். புது வீட்டுச் சாவி கைக்கு வந்த சந்தோஷத்துல எனக்கு விருந்துன்னு கூட்டிட்டுப் போனான். கிண்ணமெல்லாம் வந்துடுச்சு. "இரு, அந்தம்மாவுக்குச் சாவியைக் காட்டிட்டு வரேன்"னு சமையல்கட்டுப் பக்கம் ஓடினான். சின்னப் பையன் மார்க் அட்டையைக் காட்டப் போற மாதிரி. அங்கேருந்து ரெண்டு பேரும் சிரிக்கற சத்தம் கேட்டுது.

என் முன்னாடி இருந்த கறுப்புக் கிண்ணத்துலேருந்து கிம்ச்சியை எடுத்து வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள வெச்சேன். அடியில இறால் போட்டது, மேல அவனுது. இந்தத் தடவை துளி இல்ல. நாலஞ்சு துண்டு. அவசரப்படல, குச்சி வழுக்கும்னு பொறுமையா எடுத்து வெச்சேன். அப்புறம் குச்சியைத் துடைச்சுட்டேன்.

அவன் வந்து உக்காந்தான். சாப்பிட்டுக்கிட்டே சுவத்துக்கு என்ன கலர் அடிக்கலாம்னு கேட்டான். இளம் பச்சை நல்லா இருக்கும்னேன். அப்பத்தான் தொண்டையைத் தொட்டுப் பாத்தான். கிண்ணத்தைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்து, "அக்கா, ஊசி"ன்னான்.

நான் பைக்குள்ள தேடினேன். பர்ஸை வெளியில எடுத்து வெச்சேன், கண்ணாடி டப்பாவை வெச்சேன், குடையை வெச்சேன். அந்தம்மா ஓடி வந்து அவனைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க கையில இருந்தாலும் மூச்சு முட்டும்னு அவன் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன். பக்கத்து மேஜைக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணின நேரமும் நான் ஊசி போட்ட நேரமும் உங்க காகிதத்துல இருக்கு. நடுவுல ஆறு நிமிஷம். பதட்டத்துல தேடினேன்னு போன வாரம் இதே ஸ்டேஷன்ல உங்ககிட்ட எழுதிக் கொடுத்தேன். அது பொய். ஊசி எப்பவும் பக்கவாட்டு ஜிப்புலதான் இருக்கும். இருட்டுலகூட எடுத்துடுவேன்.

ஆறு நிமிஷம் மூளைக்குக் காத்து போகலன்னா இவ்வளவு பண்ணும்னு நான் நினைக்கல. கண்ணு முழிச்சிருக்கான். ஆளு அடையாளம் தெரியுது. வலது கை மட்டும் அவன் சொன்ன பேச்சு கேக்கல, வார்த்தையும் ஒவ்வொண்ணாத்தான் வருது. இனிமே படம் வரைய முடியுமான்னு கேட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். நர்ஸ் கஞ்சி ஊட்டினா வாங்கிக்கறான். நான் ஸ்பூனை எடுத்துட்டுப் போனா வாயை இறுக்க மூடிக்கிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கறான். மருந்தோட வேகம் அப்படின்னு நினைக்கறேன்.

நான் இங்க வந்தது அந்தம்மாவுக்காக. கடையை நீங்க பூட்டி சீல் வெச்சுட்டீங்க. அவங்க தினமும் ஆஸ்பத்திரி வராண்டாவுல வந்து உக்காந்திருக்காங்க. நேத்து என்னைப் பாத்ததும் எழுந்து, இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, அப்படியே நின்னாங்க. "என் கை. என் தப்பு. ஜாடி மாறிப் போச்சு"ன்னாங்க. மாறவே இல்ல சார். அவங்க தனிக் கத்தி, தனிப் பலகைன்னு வெச்சுப் பண்ணினவங்க. ஒரு தப்பும் செய்யாம, செஞ்சதா நம்பி, தன் கையையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்குச் சோறு இறங்கல. படுத்தா கண்ணு மூடல. வெக்கமா இருக்கு. என் தம்பிக்காக அத்தனை பாத்துப் பாத்துப் பண்ணின மனுஷி, அவங்க தலையில இதைக் கட்டிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போவேன்.

அதனால எழுதிக்கோங்க. கலந்தது நான். தெரிஞ்சே கலந்தேன். ஊசியைப் பைல வெச்சுக்கிட்டே போடாம இருந்ததும் நான். எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, போடறேன். எத்தனை வருஷம்னாலும் சரி, நான் எதிர்த்துப் பேச மாட்டேன். அந்தம்மாவுக்குக் கடையைத் திறந்து விட்டுடுங்க.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுங்க சார். இனிமே அவனுக்குன்னு தனியா எதுவும் பண்ண வேண்டாம். அவன் சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்.