முப்பத்தோராவது தாள்

டாக்டர்: ...இதுவும் ‘பாதுகாப்பு இல்லை’. எழுதிக்குங்க சிஸ்டர்.

சிஸ்டர்: இதுவுமா! நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்த முப்பது போன் காலைப் படிச்சதுல, பதில் சொன்ன இருபத்திரண்டு நர்ஸை ஃபெயில் போட்டுட்டீங்க. மூணு மாசம் முன்னாடி மீட்டிங்ல என்ன சொன்னீங்க? நெஞ்சு வலின்னு போன் பண்ற பத்துப் பேருல எட்டுப் பேருக்கு வாயுதான்னு...

டாக்டர்: அது அப்போ.

சிஸ்டர்: மைக்கையே விட மாட்டேன்னீங்களே!

டாக்டர்: அடுத்தத எடுங்க. இதுலயும் பேரு எதுவும் இல்லையே?

சிஸ்டர்: பேரு, தேதி எல்லாம் கோடு போட்டு அழிச்சாச்சு. போன் பண்ணது யாரு, எடுத்த நர்ஸ் யாரு, எதுவும் நமக்குத் தெரியக் கூடாது. நீங்க போட்ட சட்டம்தான். பேசினத டைப் அடிச்ச தாள் மட்டும்தான் நமக்கு. படிக்கவா?

டாக்டர்: ம்.

சிஸ்டர்: எழுபத்தொரு வயசு. மருமக பேசுறாங்க. ‘மாமாவுக்குக் காலைலேருந்து நெஞ்சு அடைக்குது.’ நர்ஸ், ‘வேர்க்குதா?’ன்னு கேக்குறாங்க. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், ‘இல்ல.’ ‘வலி கைக்கு, தாடைக்குப் போகுதா?’ மறுபடி பேச்சு இல்ல. ‘இல்ல.’ ‘சரிம்மா, சாயங்காலம் கூட்டிட்டு வந்து காட்டுங்க.’ அவ்வளவுதான். கீழ ஒரு குறிப்பு இருக்கு: மூணு மணி நேரத்துல... இறந்துட்டார்.

டாக்டர்: நர்ஸ் மேலதான் தப்பு. மூச்சு வாங்குதா, முன்னாடி இதய நோய் இருக்கா... ரெண்டையும் கேக்கவே இல்லையே. எழுதுங்க.

சிஸ்டர்: ஆள் செத்த கேஸ் இது. நாம ரெண்டு பேரும் அப்படி எழுதினா அந்த நர்ஸ் வேலையே போயிடும்.

டாக்டர்: போகட்டுமே! உயிரு போயிருக்குல்ல?

சிஸ்டர்: சரி... ஆனா மருமக ஏன் ஒவ்வொரு பதிலுக்கும் இவ்வளவு யோசிக்கணும்? வேர்க்குதான்னு பாத்தாலே தெரியுமே.

டாக்டர்: பயந்திருப்பாங்க.

சிஸ்டர்: டைப் அடிச்சவங்க ஓரத்துல ஒண்ணு போட்டிருக்காங்க. ‘பின்னால் ஆண் குரல்: இல்லைனு சொல்லு.’ ரெண்டு தடவை.

டாக்டர்: டிவியா இருக்கும்.

சிஸ்டர்: டிவி இவ்வளவு பொருத்தமாவா பேசும்?

டாக்டர்: விடுங்களேன்! அந்த நர்ஸைக் காப்பாத்தப் பாக்குறீங்களா?

சிஸ்டர்: ஆமா... பாக்குறேன். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

டாக்டர்: சிஸ்டர்... கதவைச் சாத்துங்க.

சிஸ்டர்: சாத்திட்டேன். சொல்லுங்க.

டாக்டர்: அந்த ஆண் குரல்... நான்தான். செத்தது எங்கப்பா. வேர்த்து வேர்த்து சட்டையே நனைஞ்சு போச்சு, துடைச்சு விட்டதே நான்தான். வாயுதான்னு மாத்திரை குடுத்திருந்தேன். என் பொண்டாட்டி அதைக் கேக்கல, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டா. முந்தின நாள்தான் மீட்டிங்ல வாய் கிழியப் பேசிட்டு வந்திருந்தேன். மறுநாளே என் வீட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நின்னு, கடைசில அதுவும் வாயுன்னு ஆனா... சிரிப்பாங்களேன்னு பயந்தேன் சிஸ்டர். அதுக்குத்தான். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல. அவ இன்னும் என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்குறா. இப்ப பாருங்க, பழிய யாரோ ஒரு நர்ஸ் தலைல கட்டப் பாக்குறேன். வெக்கமா இருக்கு... நானெல்லாம் மனுஷனா?

சிஸ்டர்: யாரோ ஒரு நர்ஸ் இல்ல டாக்டர். அன்னிக்கு அந்த போனை எடுத்தது நான். இந்தத் தாளைப் பாத்ததுமே எந்திரிச்சுப் போயிருக்கணும், போகல. துக்கம் கேக்க உங்க வீட்டுக்கு வந்தப்பவும் வாயத் திறக்கல. நீங்க ‘இல்லைனு சொல்லு’ன்னு சொன்னப்பவே உங்க குரல்தான்னு தெரிஞ்சுபோச்சு. டாக்டரே பக்கத்துல இருக்காரு, அவருக்குத் தெரியாததா நாம கேக்கப் போறோம்னு நினைச்சு... மிச்சம் ரெண்டு கேள்வியையும் நான் கேக்கவே இல்ல.