ஓடாத லாரிக்கு ஓயாத கட்டணம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, நான் என்ன பேசிவிடுவேனோ என்று இப்போதே நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் சரக்கு வாகன உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே! அழைப்பை மதித்து, அருகில் வந்து அமர்ந்திருக்கும் உரிமம் வழங்கும் அலுவலர் அவர்களே! பாரம் சுமந்து பாதை அளந்த மூத்த ஓட்டுநர்களே! கரி படிந்த கைகளால் எங்கள் கனவுகளைக் கழற்றி மாட்டும் மெக்கானிக் நண்பர்களே! போன மனுஷன் பத்திரமாக வந்து சேர்ந்தானா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அன்புத் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும், ஒரு லாரி வைத்திருந்தும் ஓட்ட முடியாத ஒருத்தியின் வணக்கம்.

புதிய உறுப்பினர்கள் சார்பில் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாழ்த்த வாய் வரவில்லை. வயிறு எரிகிறது. அதனால் எரிகிற இடத்திலிருந்தே பேசுகிறேன்.

நான் துணி தைப்பவள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். அவர் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, ‘ஸ்டெப்னி’ என்றால் தெரியும். ஆமாம், அதோ சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாரே, அவர்தான். எந்த ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த ஓட்டுநர் வீட்டில் கல்யாணம் என்றாலும், அந்த வண்டிக்கு மாற்றாகப் போகிறவர். இளமை முழுவதும் அடுத்தவர் இருக்கையில் அமர்ந்து, அடுத்தவர் வண்டியைத் தன் வண்டியாகத் துடைத்தவர். அப்படிப்பட்ட மனிதருக்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசைப்பட்டது குற்றமா? அரண்மனையா கேட்டார்? ஆறு சக்கரம் கேட்டார்!

கடன் வாங்கினோம். பழைய லாரி ஒன்றைப் பார்த்தோம். ஒருநாள் மாலை நான் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். மனுஷன் வந்து சாவியை மெஷின் மேல் வைக்கிறார்.

“இந்தா, உன் வண்டி.”

“என் வண்டியா? எனக்கு எதுக்கு?”

“உன் பேர்லதான் பதிஞ்சிருக்கேன். கட்டின நாள்லேர்ந்து உனக்குன்னு நான் என்ன வாங்கிக் கொடுத்திருக்கேன்?”

தாய்மார்களே, நான் அழுதுவிட்டேன். அன்றைக்கு ஆனந்தத்தில் அழுதேன். அடுத்த மாதத்திலிருந்து ஆத்திரத்தில் அழுதேன்.

ஏனென்றால், இந்த மனிதர் பாசத்தில் வண்டியை என் பெயரில் பதிந்துவிட்டு, பழக்கத்தில் சரக்கு ஏற்றித் தொழில் நடத்தும் உரிமத்துக்குத் தன் பெயரில் விண்ணப்பித்துவிட்டார்! விண்ணப்பக் கட்டணம் அவர் பெயரில். கண் பரிசோதனை அவர் கண்ணுக்கு. தேர்வுக் கட்டணம் அவர் தலைக்கு. எல்லாவற்றையும் இவர் வரிசையில் நின்று கட்டி முடித்த பிறகு, கடைசி ஜன்னலில் இருந்தவர் கேட்கிறார்:

“வண்டி யார் பேர்ல இருக்கு?”

“என் வீட்டுக்காரி பேர்ல சார்.”

“அப்போ அவங்கதானே விண்ணப்பிக்கணும்?”

“சரிங்க சார், மாத்திக்கலாம். நான் கட்டின பணம்?”

“அது போச்சு.”

போச்சு! எவ்வளவு எளிமையான சொல்! முதல் ஜன்னலில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கேட்டவர் வாய் தேய்ந்தா போயிருக்கும்? வண்டியை அவர் பெயருக்கு மாற்றலாமா என்றால் மாற்றலாமாம். வரி மறுபடி, பதிவு மறுபடி, பரிசோதனை மறுபடி. மூன்று மறுபடியை விட ஒரு மனைவி மலிவு என்று முடிவு செய்து, நானே விண்ணப்பித்தேன்.

யாரங்கே சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். கட்டணம் விதிக்காத ஒன்று இந்தத் தொழிலில் அது மட்டும்தான்.

நான் போய் நின்றதும் அலுவலகத்தில் ஒருவர் மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, நீங்க லாரி ஓட்டுவீங்களா?” என்றார். “விமானக் கம்பெனி முதலாளி விமானம் ஓட்டுறாரா சார்?” என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, ரப்பர் ஸ்டாம்பிடம்தான் பேசினார்.

தேர்வு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நான் தைக்கத் தைக்க, இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார். எந்தச் சரக்குக்கு எந்தக் கயிறு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு ஓய்வு என்று அத்தனையும் படித்தேன். ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாக வைத்துத் தைத்தேன். ஆனால் தேறினேன்!

தேறினால் தீர்ந்ததா? வண்டி நிறுத்த இடம் காட்டச் சொன்னார்கள். இல்லாத வேலைக்கு இடம் பிடித்து, ஓடாத வண்டிக்கு வாடகை கொடுத்தோம். உரிமம் வேண்டுமென்றால் காப்பீடு கொண்டு வா என்றார்கள். காப்பீட்டுக்காரரிடம் போனால், “உரிமம் இல்லாத புது ஆளா? அப்போ தொகை கூடும்” என்றார். கையில் பணம் இருப்பதாகக் காட்ட வைப்புத்தொகை கேட்டார்கள். அதற்காகக் கடன் வாங்கினேன் அம்மா! பணக்காரி என்று நிரூபிக்கக் கடன்காரி ஆனவள் நான்! ஓரம் அடிக்கும் மெஷினையும் விற்றேன். இதெல்லாம் முடிவதற்குள் வண்டியின் தகுதிச் சான்று காலாவதியாகிவிட்டது. நிற்கிற இடத்தை விட்டு நகராத வண்டிக்கு என்னய்யா தகுதிக் குறைவு வந்துவிடும்? அதற்கும் மறுபடி கட்டினேன். நாக்குத் தள்ளிவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் தினமும் பஸ் ஏறி, அடுத்தவர் லாரியை ஓட்டப் போகிறார். “லாரி முதலாளி பஸ்ஸுக்கு நிக்கிறாருடோய்!” என்று பக்கத்து வீட்டில் கேலி. அவரும் சிரித்துக்கொண்டே போவார். உள்ளே என்ன பாடு படுகிறார் என்று எனக்குத் தெரியும்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். ‘முடிக்கவும்’ என்று இருக்கிறது. முடிக்கிறேன் ஐயா! நானும் அதைத்தான் கேட்கிறேன். எல்லோரும் முடித்துக்கொடுங்கள்!

இந்த மாதத்தோடு காப்பீடு முடிகிறது. ஒரு மூட்டைகூட ஏற்றாத வண்டிக்கு இன்னொரு வருடக் காப்பீடு கட்ட எங்களிடம் இனி விற்க ஒன்றுமில்லை. அதனால் நேற்று இவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “விட்டுடலாம்மா. தரகர் வெள்ளிக்கிழமை அட்வான்ஸோட வரேன்னு சொல்லியிருக்காரு.” எனக்கென்று அவர் வாங்கிக் கொடுத்த ஒரே பொருள், தோழர்களே! அதை அவர் வாயாலேயே விற்கச் சொல்ல வைத்துவிட்டார்களே! திருட்டு வண்டி ஓட்டினாரா? குடித்துவிட்டு ஓட்டினாரா? நேர்மையாக ஓட்டுகிறேன் என்று கேட்டதற்கா இத்தனை தண்டனை?

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோதியுங்கள், தேர்வு வையுங்கள், தவறினால் தடுத்து நிறுத்துங்கள். ஆனால் கட்டணத்தை வண்டி ஓடுகிற நாளிலிருந்து வாங்குங்கள்! தாமதம் உங்களுடையது என்றால் தண்டமும் உங்களுடையதாக இருக்கட்டும்! இதை இந்தச் சங்கம் தீர்மானமாக எழுத வேண்டும், இன்றைக்கே எழுத வேண்டும்!

அலுவலர் ஐயா, என் கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் சலுகை கேட்கவில்லை, தேதி கேட்கிறேன். என்ன ஐயா? சத்தமாகச் சொல்லுங்கள். “வியாழக்கிழமை வாங்கம்மா, பாக்கலாம்” என்கிறார்.

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் ‘பாக்கலாம்’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் என் தகுதிச் சான்று காலாவதியானது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, இதோ மைக், இதில் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? “வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுத் தரேன்.” எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா? தட்டுங்கள் கையை! மூத்த ஓட்டுநர்களே, தாய்மார்களே, வியாழக்கிழமை காலை என்னோடு அந்த ஜன்னலுக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள். சண்டை போட அல்ல, சாட்சி சொல்ல.

தரகர் அண்ணே, மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுப் பக்கம் வராதீர்கள். வந்தாலும் வண்டி இருக்காது, லோடு ஏற்றப் போயிருக்கும்.

என்னங்க, நிமிர்ந்து நில்லுங்க. நம்ம வண்டி விற்பனைக்கு இல்லை.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், பொறுக்க முடியாமல் கைதட்டிய உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சாலையில் இருக்கும் எல்லோரும் சுகமாக வீடு வந்து சேரட்டும். வணக்கம்!