தீயணைப்பு வண்டியின் மணி

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது கேட்டது இது. எண்ணெய் வருமென்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள், வரவில்லை. பக்கத்து வளவில் ஒரு பழைய தீயணைப்பு வண்டி ஓடாமல் நின்றது. அதைக் காட்டுவதற்கென்றே ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளையும் சைக்கிளில் ஏற்றிவந்திருந்தார்.

“வீடு எரிஞ்சால் இது தண்ணியோடை ஓடிவரும்.”

“எங்கடை வீட்டுக்கு வரேல்லையே?” என்றான் மகன்.

“அப்ப டீசல் இல்லை, ராசா. இஞ்சை பார், மணி!”

அவர் கயிற்றை இழுத்தார். மணி கணீரென்றது. பிள்ளைகள் இருவரும் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் குப்புற விழுந்தார்கள்.

“எழும்புங்கோ பிள்ளையள். பிளேன் வரேல்லை. அப்பாதான் அடிச்சனான்.”

மகன் எழும்பினான். சின்னவள் தலையைத் தூக்கவில்லை.

“நீங்களும் படுங்கோ அப்பா. பள்ளிக்கூடத்திலை குண்டு போட பிளேன் வந்தால், மணியை அடிச்சுப்போட்டு ரீச்சரும் எங்களோடை படுக்கிறவ.”

“அது பள்ளிக்கூடம், பிள்ளை.”

“படுங்கோ அப்பா!” குரல் அழுகையாகிவிட்டது.

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் தன் வெள்ளைச் சட்டையோடு அவளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தார்.

“காதைப் பொத்துங்கோ,” என்றாள்.