தமயந்தியின் கடைசி அத்தியாயம்

புத்தகத்தின் முனையை மடித்து வைப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது, லீனா அக்கா. நம் கெலுகோர் மாதா கோயில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு அது தெரியும்.

வேதநாயகம் அங்கிளுக்கும் தெரியும். எண்பத்திரண்டு வயதில் 'தையல்கடை தமயந்தி' துப்பறியும் கதைகளை முதல் புத்தகத்திலிருந்து வரிசையாகப் படித்து வந்தார். கொலை விழுந்தாலும் யாரும் அழாத, சிரித்துக்கொண்டே படிக்கிற கதைகள். அவர் முடித்துக் கொடுத்ததும் அடுத்து வாங்குவது நான்தான்.

பத்தாவது புத்தகத்தோடு வரிசை முடிகிறது. அது வந்தபோது அங்கிள் காய்ச்சலில் துவண்டு கிடந்தார். நீங்கள்தான் என்னிடம் கொடுத்தனுப்பினீர்கள். அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இத படிச்சு முடிச்சிட்டா போதும்மா ஷார்லின். அப்புறம் ஆண்டவர் எப்ப கூப்பிட்டாலும் நான் ரெடி."

ஒரு மனிதர் சாகத் தயார் என்கிறார். சும்மா இருக்க முடியுமா?

"அட்டை போட்டுத் தர்றேன் அங்கிள்" என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஸ்கேலை வைத்து, புது பிளேடால் கடைசி அத்தியாயத்தை அறுத்தெடுத்தேன். பிசிறே இல்லை. அட்டையும் அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.

பலனை நீங்களே பார்க்கிறீர்கள். கடைசி அத்தியாயம் இல்லை என்று கண்ட அன்றே எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாசாரில் மீன் விற்கும் ஃபிக்ரியை மடக்கி, மீன் கட்டும் தாள் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். பாடகர் குழு வாசுவின் பையைத் திறந்து துழாவினார். இப்போது பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்க்கிறார்.

"பக்கத்த அறுத்தவன் நம்மாளுங்கள்ல ஒருத்தன்தான் லா. கண்டுபிடிக்காம நான் சாகமாட்டேன்" என்கிறார். பிரஷர் இப்படி இறங்கி டாக்டரே பார்த்ததில்லையாம்.

நேற்று நீங்கள், "அங்கிள் பாவம் லா, வேற காப்பி ஆர்டர் பண்ணிட்டேன்" என்று சொன்னதால்தான் இதைச் சொல்ல வந்தேன். ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்.

அறுத்த பக்கங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தினமும் தேநீரோடு ஒருமுறை படிக்கிறேன். முடிவு பிரமாதம். ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன், அது அநாகரிகம்.

ஏழாவது புத்தகத்தை நான் படித்துக்கொண்டிருந்தபோது, பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கையில் அங்கிள் பின்னாலிருந்து என் காதில், "பால்காரன்தான் கொன்னவன்" என்று சொன்னார். அதையெல்லாம் நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன், அக்கா. நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருந்தேன். மேலிருந்து மூன்றாவது வரி.