அமிர்தநாதர் அங்கிளிட்டச் சொல்ல வந்தது

இல்ல அங்கிள், கோவம் வாறது நியாயம்தான். இருவது வருசம் எங்கட தமிழ்ச் சங்கத்தில இருந்த ஆளை ஒரு கடிதத்தில விலத்தினா ஆருக்கும் வரும். அதுக்குத்தானே ஒஷாவாவில இருந்து கார் ஓடி வந்தனான். எங்க தொடங்கிறதெண்டுதான் தெரியேல்ல.

நான் யூனிவர்சிற்றியில என்ன எழுதினனான் தெரியுமே? இத்தாலியில பாசிசம் ஏன் வந்ததெண்டு. நூற்றிருபது பக்கம். ஓம், அம்மாவும் உதைத்தான் கேட்டவ, உதுக்கு என்ன வேலை கிடைக்குமெண்டு. இன்னும் கிடைக்கேல்ல.

கேளுங்கோவன். அங்க முதலாம் உலகச் சண்டைக்குப் போன பெடியள் திரும்பி வந்தா வேலையில்லை. வென்ற பக்கம்தான், எண்டாலும் ஏமாத்திப்போட்டாங்கள் எண்ட கோவம். தொழிலாளர் பக்டறியளைப் பிடிக்க, முதலாளிமார் பயந்துபோச்சினம். அடியாக்களுக்குக் காசு குடுத்தினம். பொலிஸ் பாத்துக்கொண்டு நிண்டது. எதிர்க்க வேண்டியவை தங்களுக்குள்ள பிடுங்குப்பட்டினம். உந்த முசோலினியைக் கொஞ்ச நாள் பாவிச்சுப்போட்டு விடலாமெண்டு பெரிய ஆக்கள் நினைச்சினம். இத்தாலி ராசா ஆமியை இறக்கிற கடதாசியில கையெழுத்து வைக்கேல்ல. அவற்ர ஆக்கள் மழையில நனைஞ்சு ரோமைப் பிடிக்கப் போக, முசோலினி ரயிலில படுத்துக்கொண்டு போனவர்.

ஐயோ, எங்கட தலைவர் பிரியந்தன் அண்ணையை அப்பிடிச் சொல்லேல்ல! அவர் கோடைக்குக் கோடை பார்பிகியூ விருந்து வைக்கிற மனுசன். ஆனா சங்கத்தின்ர யாப்பு விதியளை மாத்தி, இனி எலெக்சன் வேண்டாம், நானே தலைவர் எண்டு அவர் சொல்லேக்க நூறு பேர் இருந்தனாங்கள். எல்லாரும் ஃபோனைப் பாத்துக்கொண்டு கை உயர்த்தினம். வேணாமெண்டு எழும்பினது நீங்கள் ஒராள்தான்.

கடிதத்தை வாசிச்சியளே? கூட்டத்தில சம்மதிச்சுப்போட்டு வெளியில மாறிக் கதைக்கிறியள், பொய் சொல்லுறியள் எண்டு போட்டிருக்கு. அது அவையா இட்டுக்கட்டினதில்லை அங்கிள். கூட்டக்குறிப்பில அப்பிடித்தான் கிடக்கு. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது எண்டு.

ஓம், எழுதினது நான்தான். படிச்ச பிள்ளை, தமிழ் எழுதும் எண்டு என்னைத்தானே செயலாளராப் போட்டவை. பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பாத்தன். எல்லாத் தீர்மானமும் அப்பிடித்தான் முடிஞ்சிருக்கு, ஏகமனதாக எண்டு. நானும் அப்பிடியே எழுதி, கையெழுத்து வச்சு அனுப்பினனான்.

நீங்கள் எழும்பினதைப் பாத்தனான் அங்கிள். நான் முதல் வரிசை. ஒரு கையில மட்டன் றோல்ஸ் தட்டு, மற்றக் கை மேல.

இல்ல, அப்பிடி எழுதச் சொல்லி ஒருத்தரும் வெருட்டேல்ல. ஒருத்தரும் கேக்கவுமில்லை.