கல்யாண கேசட்

காலை 9.40. தாம்பரத்தில் நின்ற கடற்கரை ரயிலில், எழும்பூருக்கு வந்துகொண்டிருப்பதாகப் போனில் சொன்ன வெள்ளைத்தாடிக்காரரை, எதிரே இருந்த பெண்மணி கணவரிடம் காட்டினார்.

"நம்ம கல்யாணத்தை அழிச்சவர் இவர்தாங்க."

தாடிக்காரர் திடுக்கிட்டார். "நானாம்மா?"

"டிவிக்கு நாதஸ்வரக் கச்சேரி எடுத்து, நீங்களே முன்னாடி வந்து பேசுனீங்களே சார்! இவர் அவசரத்துல எங்க கல்யாண கேசட்லயே அதை ரெக்கார்ட் பண்ணிட்டார்."

"இருபத்தஞ்சு வருஷமா திட்டு வாங்கறேன் சார்," என்றார் கணவர்.

"அது நான் தயாரிச்ச முதல் நிகழ்ச்சி. எங்க ஆபீஸ்ல அந்த டேப் மேல சமையல் நிகழ்ச்சியை எடுத்துட்டாங்க. என்கிட்ட காப்பியே இல்ல. உங்க கேசட் இருக்கா?"

"அஸ்தினாபுரத்துல வீட்டு பீரோல இருக்கு. முதல்ல உங்க கச்சேரி, அப்புறம் எங்க பந்தி. தாலி கட்டினதுதான் போச்சு!" என்றார் பெண்மணி.

எழும்பூர் வரை போகாமல், அஸ்தினாபுரத்துக்குப் பக்கத்து நிலையமான குரோம்பேட்டையிலேயே மூவரும் இறங்கினார்கள்.